ஜன்னல் இல்லாத தீவு: வீட்டுக்குள் ஒரு டீக்கி பார்

ஒரு பீங்கான் குவளை. ஒரு சாண் உயரம். முன்பக்கம் முழுக்க ஒரு முகம்: வட்டக் கண், அகன்ற வாய், பல்வரிசை. பழுப்புப் பூச்சு பள்ளங்களில் கறுத்தும் மேடுகளில் வெளுத்தும் இருக்கிறது. மரத்தில் செதுக்கியது போலத் தெரியவேண்டும் என்பதற்காகச் செய்த வேலை அது. கவிழ்த்துப் பார்த்தால் அடியில் 'ஆர்' என்ற எழுத்தும் ஓர் எண்ணும், 'ஆர்க்கிட்ஸ் ஆஃப் ஹவாய்' என்ற பெயரும், கூடவே 'மேட் இன் ஜப்பான்' என்ற முத்திரையும். பெயரில் ஹவாய் இருந்தாலும் அந்த நிறுவனம் இயங்கியது நியூயார்க்கில். குவளை வார்க்கப்பட்டது ஜப்பானில். அது போய்ச் சேர்ந்தது அமெரிக்காவின் ஏதோ ஒரு ஊர் உணவகத்துக்கு, பல நேரம் ஒரு சீன உணவகத்துக்கு. உள்ளே ஊற்றியது கரீபியன் ரம். முகம் மட்டும் பசிபிக் தீவுகளின் தெய்வ முகம். அதுவும் எந்தத் தீவின் தெய்வம் என்று உறுதியாகச் சொல்ல முடியாத முகம்.

பசிபிக் தீவு போல அலங்கரித்த மதுக்கூடம்தான் டீக்கி பார். டீக்கி பொருள்களைச் சேகரிப்பதும் வீட்டில் ஒரு டீக்கி பார் கட்டுவதும் இன்று அமெரிக்காவில் பலர் உயிராய் வளர்க்கும் ஆசை. இதைப் பாலினீசியப் பண்பாடு, அதாவது பசிபிக் தீவு மக்களின் பண்பாடு, என்று நம்பித் தொடங்குகிறவர்கள் சீக்கிரமே தடுமாறுகிறார்கள். கலிஃபோர்னியாவில் பிறந்த ஒரு கற்பனைத் தீவு இது. அப்படிப் புரிந்துகொண்டு தொடங்கினால் எதை வாங்குவது, எதை விடுவது, எங்கே மாட்டுவது என்ற கேள்விகளுக்கெல்லாம் வழி பிறக்கும். அந்தத் தீவு எப்படி உருவானது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

முதலில் பெயர். நியூசிலாந்தின் மாவோரி மரபில் டீக்கி என்பது முதல் மனிதனின் பெயர். மார்க்கேசஸ் தீவுகளில் மனித உருவில் செதுக்கிய கல், மரச் சிலைகளை டீக்கி என்கிறார்கள். ஹவாய் மொழியில் அதே சொல் 'கீயி' என்று ஒலிக்கும். ஈஸ்டர் தீவு என்று பள்ளியில் படித்தோமே, அந்த ராப்பா நூயியில் நிற்கும் பெரிய கல்முகங்களுக்கு மோவாய் என்று வேறு பெயர். ஒவ்வொன்றுக்கும் தனி வடிவ இலக்கணம் உண்டு. மார்க்கேசஸ் சிலைக்கு முகத்தையே அடைத்துக்கொள்ளும் பெரிய வட்டக் கண்கள். ஹவாயின் கூ என்ற போர்த் தெய்வத்துக்கு 8 போல வளைந்து விரிந்த வாய். மோவாய்க்கு நீண்ட மூக்கு, இறுகிய உதடு. அமெரிக்கா இவை அத்தனையையும் ஒரே சாக்கில் போட்டு, மேலே 'டீக்கி' என்று எழுதிவிட்டது.

1933 டிசம்பரில் அமெரிக்காவில் மதுவிலக்கு முடிந்தது. நல்ல விஸ்கி வேண்டுமென்றால் பீப்பாயில் சில ஆண்டுகளாவது ஊறவேண்டும். 13 ஆண்டுத் தடைக்குப் பிறகு அப்படி ஊறிய சரக்கு கையில் அதிகம் இல்லை. கரீபியன் தீவுகளிலோ ரம் மலிவாகக் குவிந்து கிடந்தது. அந்த நேரம் பார்த்து ஹாலிவுட்டில் ஒரு சின்ன இடத்தைப் பிடித்து பார் திறந்தார் எர்னஸ்ட் ரேமண்ட் போமான்ட் கான்ட் என்ற இளைஞர். தென்பசிபிக் பக்கம் சுற்றியவர். அங்கிருந்து கொண்டுவந்த பொருள்களை சினிமா படப்பிடிப்புகளுக்கு வாடகைக்கு விட்டவர். அதே பொருள்களைத் தன் பாருக்குள் மாட்டினார். 'டான் தி பீச்கோம்பர்' என்ற பெயர் அப்படியே நிலைத்துப்போக, தன் பெயரையும் டான் பீச் என்று மாற்றிக்கொண்டார். வந்தவர்கள் எழுந்து கிளம்பப் பார்த்தால் கூரைமேல் குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சச் சொல்வாராம். மழை பிடித்துக்கொண்டது என்று நினைத்து அவர்கள் இன்னொரு கோப்பை சொல்வார்கள்.

அந்தத் தண்ணீர்க் குழாயில்தான் டீக்கி பாரின் சூட்சுமம் இருக்கிறது. பிறக்கும்போதே அது சினிமா செட்டாகத்தான் பிறந்தது. சான் ஃபிரான்சிஸ்கோவின் ஃபேர்மான்ட் ஹோட்டலில் இருந்த நீச்சல் குளத்தை 1945ல் டோங்கா ரூம் என்ற உணவகமாக மாற்றியவர் எம்.ஜி.எம். படநிறுவனத்தின் செட் வடிவமைப்பாளர் மெல் மெல்வின். குளத்து நடுவே மிதக்கும் மேடையில் இசைக்குழு, அவ்வப்போது இடிமுழக்கத்தோடு செயற்கை மழை. இன்றும் அங்கே மழை பெய்கிறது. வீட்டில் பார் கட்டுகிறவர் இந்தப் பரம்பரையைத்தான் தொடர்கிறார். அவருக்கு வேண்டியது ஒரு கலை இயக்குநரின் கண்.

இந்தக் கதையில் அதிகம் பேசப்படாதவர்கள் பிலிப்பினோக்கள். டானின் கடையில் கவுன்டருக்குப் பின்னால் நின்று கலந்தவர்களில் பலர் அவர்கள்தான். மற்ற கடைக்காரர்கள் செய்முறையைத் திருடிவிடக் கூடாது என்று டான் புட்டிகளுக்கு எண்ணும் சங்கேதப் பெயரும் ஒட்டினார். 'டான்ஸ் மிக்ஸ்' என்று எழுதியிருக்கும். உள்ளே இருப்பது பம்ப்ளிமாஸ் வகையைச் சேர்ந்த கிரேப்ஃப்ரூட் சாறும் இலவங்கப்பட்டைப் பாகும். கலப்பவருக்கே முழு ரகசியம் தெரியாது. ஒருவருக்கு இரண்டுதான் என்று கட்டுப்பாடு வைத்திருந்த அவருடைய ஸாம்பி பானத்தின் அசல் செய்முறையைக் கண்டுபிடிக்க ஜெஃப் பெர்ரி என்ற ஆய்வாளருக்குப் பல ஆண்டுகள் பிடித்தன. கடைசியில் வழிகாட்டியது டானிடம் வேலை பார்த்த ஒரு பணியாளர் பத்திரமாக வைத்திருந்த குறிப்பேடு. டானிடம் தொடக்கத்திலேயே சேர்ந்த ரே பூஹென் என்ற பிலிப்பினோ, 1961ல் லாஸ் ஏஞ்சல்ஸின் சன்செட் பூல்வார்டில் டீக்கி-டி என்று ஒரு சின்னஞ்சிறு பார் தொடங்கினார். கையை நீட்டினால் இரண்டு சுவரும் தட்டுப்பட்டுவிடுமோ என்று தோன்றும் அளவு இடம். அவர் குடும்பமே இன்றும் நடத்துகிறது. வீட்டில் இடம் போதாது என்று தயங்குகிறவர்களுக்கு நான் காட்டும் உதாரணம் எப்போதும் டீக்கி-டிதான்.

அடுத்தவர் விக்டர் பெர்ஜரான். ஓக்லாந்தில் 1934ல் தொடங்கிய தன் சாதாரணச் சாப்பாட்டுக் கடையை, டானின் கடையைப் பார்த்துவிட்டு வந்த சூட்டோடு 'டிரேடர் விக்ஸ்' ஆக்கினார். சிறுவயதில் காசநோயால் ஒரு காலை இழந்தவர். சுறா தின்றுவிட்டது என்று வாடிக்கையாளர்களிடம் கதை சொல்வார். 1944ல் அவர் கலந்ததுதான் மை டாய்: 17 ஆண்டு ஊறிய ஜமைக்கா ரம், எலுமிச்சை, ஆரஞ்சு மதுவான கியூராசோ, பாதாம் பாகு, கற்கண்டுப் பாகு. டஹிட்டித் தீவிலிருந்து வந்த நண்பர்கள் குடித்துப் பார்த்து, 'இதைவிட நல்லது இல்லை' என்ற பொருளில் டஹிட்டி மொழியில் சொன்னதுதான் பெயரானது. அன்னாசிச் சாறு அதில் கிடையாது. அது பின்னால் ஹவாயில் சேர்ந்தது. மை டாயை முதலில் கலந்தவர் யார் என்று டான் தரப்பும் விக் தரப்பும் நெடுநாள் சண்டை போட்டார்கள்.

அப்புறம் போர். பசிபிக் போர்முனையிலிருந்து லட்சக்கணக்கான அமெரிக்கச் சிப்பாய்கள் திரும்பினார்கள். குவாடல்கனாலிலும் தராவாவிலும் ரத்தம் பார்த்தவர்கள், ஊர் திரும்பி வீட்டு நிலவறையில் ஏன் மூங்கிலும் கீற்றும் கட்டினார்கள் என்பது எனக்கு வெகுநாள் விளங்கவில்லை. அந்தத் தீவுகளில் அவர்களுக்குக் கிடைக்காத ஓய்வை வீட்டில் கட்டிக்கொண்டார்கள் என்றே இப்போது நினைக்கிறேன். 1947ல் நார்வே ஆய்வாளர் தோர் ஹையர்டால் கோன்-டீக்கி என்ற கட்டைத் தெப்பத்தில் பெருவிலிருந்து 101 நாள் மிதந்து பாலினீசியா போய்ச் சேர்ந்தபோது அந்தச் சொல் உலகமெங்கும் பரவியது. 1959ல் ஹவாய் 50வது மாநிலமானது. புறநகர் வீடுகளில் நிலவறையும் கொல்லைப்புறமும் இருந்தன. கையில் காசும் இருந்தது. மார்ட்டின் டென்னியின் இசைத்தட்டுகள் சுழன்றன. ஹொனலூலு ஹோட்டல் ஒன்றில் அவர் வாசிக்கும்போது பக்கத்துக் குளத்துத் தவளைகள் கத்த, குழுவினர் விளையாட்டாகப் பறவைக் குரல் கொடுக்க, அதுவே அந்த இசையின் அடையாளமாகிவிட்டது. வீட்டு பாரில் இன்றும் அந்தத் தவளை வேண்டும்.

அடுத்த தலைமுறைக்கு இது அப்பாக்களின் அசட்டு ஆசையாகத் தெரிந்தது. வியட்நாமில் எரியும் கீற்றுக் குடிசைகளைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்குக் கீற்று வேய்ந்த பாரில் உட்கார மனம் வரவில்லை. பழச்சாறு போய்ப் புட்டிக் கலவை வந்தது. பார்கள் ஒவ்வொன்றாக இடிந்தன. பெரிய இழப்பு ஒஹையோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் 1961 முதல் இருந்த கஹிக்கி. வாசலில் தலையில் தீ எரியும் இரண்டு பெரிய மோவாய்கள், உள்ளே கூரை தொடும் கல்முகத்தின் வாயில் கணப்பு, ஜன்னலுக்கு வெளியே செயற்கைப் புயல். தேசிய வரலாற்றுச் சின்னங்களின் பதிவேட்டில் இடம்பெற்றிருந்தும், 2000ல் அதை இடித்து மருந்துக்கடை கட்டினார்கள். அந்தப் பதிவு கட்டடத்துக்குக் கௌரவம் தரும், காவல் தராது.

அந்த வீழ்ச்சிக் காலத்தில் இந்தக் கலையைக் காப்பாற்றியது வீடுகள்தான். எந்த அருங்காட்சியகமும் அப்போது இதைக் கலையாக மதிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பழம்பொருள் சந்தைகளிலும், இறந்தவர் வீட்டுச் சாமான் விற்பனைகளிலும் சில்லறைக் காசுக்குக் கிடந்த குவளைகளையும் மெனு அட்டைகளையும் செதுக்குச் சிற்பங்களையும் எடுத்துப்போய் வைத்தவர்கள் தனி மனிதர்கள். ஒளிப்பதிவாளரான ஸ்வென் கிர்ஸ்டன், கஹிக்கி இடிந்த அதே 2000ல், இவற்றைத் தொகுத்துப் புத்தகமாக்கினார். நகர்ப்புற அகழாய்வு போல அதைச் செய்தார். அதன் பிறகுதான் புது பார்கள் வரத் தொடங்கின. 2009ல் மார்ட்டின் கேட் திறந்த ஸ்மக்லர்ஸ் கோவ் அவற்றில் பேர்பெற்றது. ஃபுளோரிடாவில் 1956 முதல் நடக்கும் மை-காய், 2020ல் மழையில் கூரை இடிந்து மூடிக் கிடந்து, 2024ல் மீண்டும் திறந்தது. இன்றைய வீட்டு பார்கள் இந்தத் தொடர்ச்சியில் வருபவை.

சரி, கட்டத் தொடங்குவோம். முதல் வேலை ஜன்னலை மூடுவது. வெளியே நிற்கும் காரும் எதிர்வீட்டுச் சுவரும் ஒரு கீற்றளவு தெரிந்தாலும் தீவு கலைந்துவிடும். பழைய டீக்கி பார்களில் உள்ளே நுழைந்ததும் நேரம் தெரியாது, பகலா இரவா என்று புரியாது. வேண்டுமென்றே அப்படிக் கட்டினார்கள். நுழைவுகூட நேராக இருக்காது. ஒரு திருப்பம், முடிந்தால் ஒரு சின்ன மரப்பாலம், ஓரத்தில் தண்ணீர் சொட்டும் சத்தம். கண் இருட்டுக்குப் பழகும் அந்த அரை நிமிடம்தான் பயணம்.

அடுத்தது கூரை. புதிதாகத் தொடங்குகிறவர்கள் காசு முழுவதையும் அலமாரிக் குவளைகளுக்குச் செலவழித்துவிட்டு, மேலே வெள்ளைச் சிமென்ட் கூரையை அப்படியே விட்டுவிடுகிறார்கள். நல்ல டீக்கி பாரில் பாதி அலங்காரம் தலைக்குமேல் இருக்கும். மீன்வலை, அதற்குள் கண்ணாடி மிதவைகள், ஊதிக் காயவைத்த பேத்தை மீனுக்குள் விளக்கு, மூங்கில் மீன்கூடு விளக்கு. சுவருக்குத் தாழை இனத்து ஓலையில் முடைந்த பாய். ஹவாயில் அதை லௌஹாலா என்பார்கள். மேலே மரப்பட்டையை அடித்துச் செய்யும் டாப்பா துணி. விளக்கு ஒவ்வொன்றும் மங்கலாக, மஞ்சளும் சிவப்பும் நீலமுமாக, எண்ணிக்கையில் நிறைய. ஒற்றைப் பெரிய விளக்கு எல்லாவற்றையும் கடைச்சரக்கு ஆக்கிவிடும்.

கவுன்டர் மூன்றரை அடி உயரம் இருந்தால் முழங்கை வசதியாக உட்காரும். மூங்கில் கழிகளைச் சேர்க்கும் இடத்தில் ஆணி தெரியக் கூடாது. உள்ளே திருகாணி போட்டிருந்தாலும் மேலே கயிறு சுற்ற வேண்டும். பாலினீசியாவில் வீட்டையும் படகையும் பிணைத்தது தேங்காய் நார்க் கயிறு. பச்சை மூங்கிலை வாங்கினால் வண்டு துளைத்து மாவு கொட்டும். பதப்படுத்திய மூங்கிலாகப் பார்த்து வாங்குவது நல்லது. கீற்றுக்குத் தீத்தடுப்பு மருந்து கட்டாயம். தீ வைத்துப் பரிமாறும் பானங்கள் இந்த மரபில் உண்டு, காய்ந்த ஓலையும் உண்டு. இரண்டும் ஒரே அறையில் இருக்கும்போது கவனக் குறைவுக்கு இடமே இல்லை.

குவளைகளுக்கு வருவோம். டிரேடர் விக்ஸ் முதல் சாலையோரச் சீன உணவகம் வரை குவளையை வாடிக்கையாளர் வீட்டுக்கு எடுத்துப்போவார் என்று தெரிந்தே பரிமாறினார்கள், சில இடங்களில் விலையோடு சேர்த்தே விற்றார்கள். அதனால்தான் இத்தனை மிச்சம் இருக்கின்றன. ஓ.எம்.சி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஓடகிரி நிறுவனத்தின் ஜப்பான் குவளைகளில் அடையாளம் பெரும்பாலும் ஒரு காகித ஒட்டு; கழுவும்போது போய்விடும். ஒட்டு போகாத குவளைக்கு மதிப்பு கூடுவது அதனால். பழைய குவளையை அச்செடுத்து நகல் செய்கிறவர்களும் உண்டு. அதைப் பிடிக்க ஓர் எளிய வழி அளவுகோல். களிமண் சூளையில் சுருங்கும். அசலிலிருந்து அச்செடுத்து வார்த்த நகல், அசலைவிடச் சற்றே குட்டையாக வரும், பல்லின் விளிம்பும் கண்ணின் கோடும் மழுங்கியிருக்கும். விரல்நுனியை அந்தக் கோட்டில் ஓட்டிப் பார்த்தாலே தெரியும். பழைய பூச்சுகளில் ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு என்பதால் அறுபது வருடக் குவளையை அலமாரியில் வைத்து அழகு பார்க்கலாம். எலுமிச்சைச் சாறு ஊற்றிக் குடிக்கப் புதுக் குவளை போதும். டீக்கி ஃபார்ம், மங்க்டீக்கி போன்ற இன்றைய நிறுவனங்கள் நல்ல குவளைகள் செய்கின்றன.

இனி இந்த அழகுக்கு அடியில் இருக்கும் வலியையும் சொல்ல வேண்டும். 1819ல் ஹவாயில் பழைய மத ஒழுங்கு கைவிடப்பட்டபோது கோயில்கள் இடிக்கப்பட்டன, தெய்வச் சிலைகள் எரிக்கப்பட்டன. ஆள் உயரத்தைத் தாண்டிய கூ சிலைகள் இன்று உலகில் மூன்றுதான் இருக்கின்றன: ஹொனலூலுவின் பிஷப் அருங்காட்சியகத்தில் ஒன்று, லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ஒன்று, அமெரிக்காவின் சேலம் நகரில் ஒன்று. 2010ல் மூன்றையும் ஹொனலூலுவில் சேர்த்து வைத்தபோது ஹவாய் மக்கள் அவற்றை வழிபாட்டு மரியாதையோடு வரவேற்றார்கள். அந்த முகம்தான் எத்தனையோ குவளைகளில் இருக்கிறது. இன்னொன்று: புறநகர் நிலவறைகளில் டீக்கி உச்சத்தில் இருந்த அதே காலத்தில், 1946 முதல் 1958 வரை, அமெரிக்கா பசிபிக்கில் இருக்கும் பிக்கினித் தீவு மக்களை அப்புறப்படுத்திவிட்டு அங்கே அணுகுண்டு சோதித்தது. கற்பனைத் தீவைக் கட்டியவர்களும் உண்மைத் தீவை அழித்தவர்களும் ஒரே நாட்டுக்காரர்கள்.

இதனால் டீக்கியே வேண்டாம் என்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கோபம் நியாயமானது. நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். ஆனால் நரமாமிசக் கேலி, தலைவெட்டிக் குவளை, அரைநிர்வாணப் பெண் உருவம் இவை என் அலமாரிக்கு வேண்டாம். ஒரு தீவு மக்களைக் கேலி செய்து பிறந்த பொருள் பழையதாகிவிட்டதால் கௌரவமாகிவிடாது. உண்மையான சடங்குப் பொருள் கைக்கு வந்தால் அது பாருக்கு உரியதில்லை. ஆமையின் ஓடும் ராட்சதச் சிப்பியும் சர்வதேச வனவிலங்கு வணிக விதிகளுக்கு உட்பட்டவை. கேட்காமல் வாங்கக் கூடாது. செதுக்குச் சிற்பம் வேண்டுமென்றால் பசிபிக் தீவுக்காரர் செதுக்கியதை வாங்கலாம். ஹவாயில் விற்கும் சிற்பங்களில் பல, டோங்கா தீவிலிருந்து வந்து குடியேறியவர்களின் கைவேலை. மை-காயின் நடன நிகழ்ச்சியைப் பல பத்தாண்டுகள் வடிவமைத்த மிரெய் தார்ன்டன் டஹிட்டியில் பிறந்தவர். கற்பனைத் தீவுக்குள் உண்மைத் தீவின் கைகளும் உண்டு, அவர்களைப் பெயரோடு தெரிந்து வைத்திருப்பது சேகரிப்பவரின் கடமை.

டீக்கி பார்களின் கூரையில் அடிக்கடி தொங்கும் ஒரு பொருள், பக்கமிதவை வைத்த தோணி. அதைப் பார்க்கும்போது தமிழ் வாசகருக்கு ஒரு தனி நெருக்கம் வரலாம். கட்டுமரம் என்ற நம் சொல்தான் ஆங்கிலத்தில் கேட்டமரான் ஆனது. பாலினீசியர்களின் இரட்டைத் தோணிக்கும் பின்னாளில் ஐரோப்பியர்கள் அந்தப் பெயரையே வைத்தார்கள். நம்முடையது சேர்த்துக் கட்டிய மரக்கட்டைகள். அவர்களுடையது குறுக்குக் கழிகளால் இணைத்த இரண்டு தோணிகள். பெயர் பொருத்தமில்லைதான், இரண்டையும் பிணைப்பது கயிறு என்பது மட்டும் பொருத்தம். டீக்கி பார்கள் சரியத் தொடங்கிய அதே எழுபதுகளில் ஹவாய் மக்கள் ஹோகுலேயா என்ற இரட்டைத் தோணியைக் கட்டி, 1976ல் நட்சத்திரங்களையும் அலைகளையும் மட்டும் பார்த்துக்கொண்டே டஹிட்டிக்கு ஓட்டிப் போனார்கள். வழிகாட்டியவர் மைக்ரோனீசியாவின் மாவ் பியாய்லுக். கூரையில் தோணி தொங்கவிடுகிறவர் அந்தப் பயணத்தின் படம் ஒன்றையும் பக்கத்தில் மாட்டிவைத்தால் எனக்கு நிறைவாக இருக்கும்.

முதலில் எதை வாங்குவது என்று யாராவது கேட்டால் நான் சொல்வது கண்ணாடி மிதவை. ஜப்பானிய மீனவர்கள் வலைக்குக் கட்டியது. பெரும்பாலும் உடைந்த புட்டிகளை உருக்கி ஊதியது. அதனால்தான் பச்சை நிறம், உள்ளே சிறு சிறு காற்றுக் குமிழிகள். ஊதிய துளையை அடைத்த இடத்தில் ஒரு கண்ணாடிப் பொட்டு இருக்கும், சிலவற்றில் செய்தவரின் முத்திரையும் தெரியும். வலையறுந்து கடலில் போனவை நீரோட்டத்தோடு சுற்றிச் சுற்றி அமெரிக்காவின் மேற்குக் கரையில் ஒதுங்கின, இன்றும் எப்போதாவது ஒதுங்குகின்றன. சிலவற்றை ஆட்டினால் உள்ளே தண்ணீர் அசையும். ஆழத்தில் வலையோடு இழுபட்டபோது அழுத்தம் தாங்காமல், கண்ணுக்குத் தெரியாத ஒரு விரிசல் வழியாக உள்ளே புகுந்த கடல்நீர் அது. வெளியே வர வழியில்லாமல் அப்படியே நின்றுவிட்டது. அப்படி ஒன்று கிடைத்தால் மங்கலான மஞ்சள் விளக்குக்குப் பக்கத்தில், கை எட்டும் உயரத்தில் தொங்கவிடுங்கள். வருகிறவர்கள் அதை லேசாகத் தட்டிப் பார்ப்பார்கள்.